உறுப்பு தானமும் க்ஷயரோகமும்

தானங்களுள் அன்னதானமே தலைசிறந்ததென்று நம் முன்னோர் சொல்லிவந்தனர். நமது காலத்தில் அதற்கு நிகரான மற்றொரு தானம் தோன்றியிருக்கிறது. 2008-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் திருக்கழுக்குன்றத்து வைத்தியத் தம்பதிகள், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனுடைய உறுப்புக்களைப் பிறருக்கு வழங்க இசைந்தனர். அன்று தமிழ்நாடு முழுவதும் கண்ணீர் விட்டது, அக்கண்ணீர் வீண்போகவில்லை. இறந்தோர் உறுப்புக்களை முறையாகப் பெற்று முறையாகப் பங்கிட்டளிக்கும் சர்க்கார் திட்டம் அவ்வருஷத்திலேயே இங்கு வேரூன்றிற்று. உறுப்பு ஈந்தோருடைய உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படுமென்று 2023-ம் வருஷம் செப்டம்பரில் முதல் மந்திரி அறிவித்தார். 2024-ம் வருஷத்தில் மாத்திரம் 268 பேருடைய உறுப்புக்கள் இறந்தபின் ஈயப்பட்டன. இதைக் குறித்து நாம் பெருமை கொள்வது நியாயமே.

ஆயினும் பெருமையோடு நின்றுவிடுதல் அறிவுடைமையாகாது. ஈந்தவனைப் புகழ்ந்தோம், ஏற்றவனை மறந்தோமா? கொடுக்கப்பட்ட சிறுநீரகம் ஏற்றவனுடைய உடம்பில் எத்தனை வருஷம் வாழ்கிறது? அதைக் கெடுக்க வருவது எது? அதைத் தடுக்க நாம் செய்திருப்பது யாது? இக்கேள்விகளைக் கேட்கப் புகுந்தால் நம் தேசத்தின் பழம்பகையாகிய க்ஷயரோகம் எதிரே வந்து நிற்கிறது. மேல்நாடுகளில் உறுப்பு மாற்றிக்கொண்டவர்களை அரிதாகவே தொடும் இந்நோய், நம் நாட்டில் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் பற்றியதாக நமது வைத்தியசாலைக் கணக்கே காட்டுகிறது. இவ்விஷயத்தில் சர்க்காரும் ஜனங்களும் கொள்ளவேண்டிய கவலையைக் குறித்தே இன்று சில வார்த்தைகள் எழுதத் துணிந்தோம்.

மரக்காணத்து உப்பளக் கரையை மனத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுவதற்குக் காரணமுண்டு. கழுவெளி ஏரிக்கும் கடலுக்கும் இடையே கண்ணுக்கெட்டிய மட்டும் பாத்திகளாய்ப் பரந்து கிடக்கும் இந்நிலம் மிகப் பழைய தொழில் நிலம். இவ்வூர்ப் பூமீசுவரர் கோவிற் கல்வெட்டுக்கள் சோழர் காலத்திலேயே இங்கு அளங்கள் இருந்தமையைக் கூறும். உப்பென்பது நம் தேசத்தாருக்கு வெறும் பண்டமன்று. 1930-ம் வருஷத்தில் ராஜாஜியின் பின்னே வேதாரண்யத்துக்கு நடந்த தொண்டர்கள் ஒரு பிடி உப்புக்காக அடிபட்டுச் சிறை புகுந்தார்கள். 1947-ம் வருஷத்தில் உப்பு வரி நீங்கிற்று. வரி நீங்கிற்று, ஆனால் உப்பை விளைவிப்பவனுடைய தலைமேலிருந்த வெயில் நீங்கவில்லை.

அந்த வெயில் என்ன செய்கிறது? மேலே சூரியன் எரிக்க, கீழே வெண்மையான உப்பு அவ்வொளியைத் திருப்பி முகத்தில் எறிய, நிழலென்பதே இல்லாத வெளியில் ஆணும் பெண்ணும் மரப்பலகையால் உப்பை வாரிக் கூடையில் சுமக்கிறார்கள். வியர்வையாய்ப் போகும் நீருக்கு ஈடான குடிநீர் அருகே கிடைப்பதில்லை. ஒதுங்குவதற்கு மறைவிடமில்லாத இடங்களில் பெண்கள் தாகத்தை அடக்கிக்கொண்டே வேலை செய்ய நேரிடுகிறது. உடம்பு இவ்வாறு நாடோறும் வறண்டால் முதலில் வருந்துவது சிறுநீரகமே. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிலையத்து ஆராய்ச்சியாளர்கள் 2017 முதல் 2020 வரையில் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளிகளைச் சோதித்தனர். பெரும்பாலோர் தாங்கத்தக்க அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உழைத்தனர். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் சக்தி குறைந்திருந்தது. சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும் மாத்திரமே சிறுநீரகத்தைக் கெடுக்குமென்று எண்ணியிருந்தவர்களுக்கு இது புதிய செய்தி. உழைப்பே நோயாகும் நிலைமை இது.

சிறுநீரகம் முற்றும் கெட்டவனுக்கு இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை யந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தி செய்துகொள்ளும் டயாலிசிஸ். மற்றொன்று, பிறருடைய சிறுநீரகம் ஒன்றைத் தன் உடம்பில் வைத்துக்கொள்ளல். இரண்டாவது வழியே மேலானதென்பதில் வைத்தியர்களிடையே பேதமில்லை. இந்தியாவில் இச்சிகிச்சை வெற்றி பெற்றது நம் தமிழ்நாட்டில்தான். வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் 1971-ம் வருஷம் டிசம்பரில் அது நடந்தது. பணமுள்ளவனுக்கு மாத்திரம் எட்டியிருந்த அச்சிகிச்சை, சர்க்கார் வைத்தியசாலைகளாலும் சர்க்கார் காப்பீட்டுத் திட்டத்தாலும் இப்போது ஏழைக்கும் கிட்டுகிறது. ஆகவே உப்பளத்தானுக்கும் உறுப்பு மாற்றத்துக்கும் சம்பந்தமென்னவென்று இனி ஒருவரும் கேட்க முடியாது.

இனி, க்ஷயரோகம் இதில் எவ்வாறு நுழைகிறதென்பதைப் பார்ப்போம். பிறர் உறுப்பு ஒன்று உள்ளே வந்ததும், உடம்பின் இயற்கைக் காவற்படை அதை அந்நியனென்று கருதித் தாக்கப் புறப்படும். அதை அடக்கிவைப்பதற்காக டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசோலோன் முதலிய மருந்துகளை அவ்வுறுப்பு வேலை செய்யுமளவும் நாடோறும் உட்கொண்டு வரவேண்டும். ஒரு நாளும் விடக்கூடாது. ஆனால் காவற்காரனை உறங்கவைத்தால் நண்பன் மாத்திரமா உள்ளே வருவான்? திருடனும் வருவான். நம் நாட்டிலோ திருடன் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. பலருடைய வீட்டுக்குள்ளேயே முன்பே படுத்திருக்கிறான்.

1882-ம் வருஷம் மார்ச் மாதம் 24-ந் தேதி பெர்லின் நகரில் ராபர்ட் காக் என்னும் பண்டிதர் க்ஷயக் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அக்கிருமியின் விசேஷ குணம் பொறுமை. சுவாசத்தோடு நுழைந்ததும் எல்லோரையும் அது நோயாளியாக்கிவிடுவதில்லை. உடம்பின் காவற்படை அதைச் சுற்றி வளைத்துச் சிறை வைத்துவிடுகிறது. அது சாகாமல், வளராமல், பல்லாண்டு அங்கேயே கிடக்கிறது. 2019 முதல் 2021 வரையில் நம் தேசத்தில் எடுத்த கணக்கின்படி, பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 31 பேர் இவ்வாறு உறங்கும் கிருமியை உடையவர்களென்று தெரிந்தது. இவர்களுக்கு இருமலுமில்லை, காய்ச்சலுமில்லை; பிறருக்கு நோயைப் பரப்புபவர்களுமல்லர். அளத்தின் வரப்பு உறுதியாயிருக்குமளவும் நீர் பாத்திக்குள் அடங்கிக் கிடப்பதுபோல், காவல் உறுதியாயிருக்குமளவும் கிருமி அடங்கிக் கிடக்கிறது. வரப்பு கரைந்தால் என்ன நிகழுமென்பதை உப்பளத்தானுக்கு நாம் சொல்லவேண்டுவதில்லை.

வரப்பைக் கரைக்கும் காரணங்கள் பல. சிறுநீரகக் கேடு தானே உடம்பின் காவலைத் தளர்த்துகிறது. டயாலிசிஸ் காலத்திலேயே க்ஷயம் தோன்றுவதுண்டு. அதன்மேல் உறுப்பு மாற்றத்துக்குரிய மருந்துகள் வருகின்றன. சர்க்கரை வியாதி சேர்ந்தால் அபாயம் இன்னும் பெரிது. உறங்கிய கிருமி விழிப்பது ஒரு வழி. நெருக்கமான வீட்டிலோ பஸ்ஸிலோ புதிதாய்ப் பற்றுவது இரண்டாவது வழி. ஈந்தவனுடைய உறுப்புக்குள்ளேயே கிருமி மறைந்து வருவது மூன்றாவது வழி. மூன்றாவது சிறுபான்மையே; எனினும் ஈந்தவனைச் சோதிப்பதால் பெரும்பாலும் தடுக்கக்கூடியதாகையால் அதை அசட்டை செய்வதற்கில்லை.

அபாயத்தின் அளவு யாது? பொது ஜனங்களில் லட்சம் பேருக்கு 195 பேர் 2023-ம் வருஷத்தில் இந்தியாவில் புதிதாய் க்ஷயம் அடைந்தனரென்று உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டது. வேலூரில் சிறுநீரகம் மாற்றிக்கொண்ட சுமார் 1,250 பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து, டாக்டர் ஜார்ஜ் ஜான் முதலியோர் 2001-ம் வருஷத்தில் வெளியிட்ட கணக்கில், நூற்றுக்குப் பதின்மூவருக்கு க்ஷயம் கண்டது. முன்னது ஒரு வருஷக் கணக்கு. பின்னது பல வருஷக் கணக்கு. அந்த வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தாலும் உறுப்பு ஏற்றவருடைய அபாயம் மற்றவரைவிடப் பன்மடங்கு என்பதில் ஐயமில்லை. உலகத்தின் பல பாகங்களிலிருந்து வந்த கணக்குகள் அதை இருபது மடங்கு முதல் எழுபது மடங்கு வரையில் வைக்கின்றன. க்ஷயம் குறைந்த மேல்நாடுகளில் இது நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலோ அதற்கும் கீழாகவோ நிற்பதைக் கண்டால், நம் துர்ப்பாக்கியத்தின் அளவு விளங்கும்.

இதைவிடக் கொடிய சங்கடம் ஒன்றுண்டு. க்ஷயத்தைக் கொல்லும் மருந்துகளுள் தலையாயது ரிபாம்பிசின். அது கிருமியைக் கொல்வதோடு ஈரலையும் தூண்டிவிடுகிறது. தூண்டப்பட்ட ஈரல், உறுப்பைக் காக்கும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகிய மருந்துகளை விரைவில் அழித்துவிடுகிறது. அம்மருந்தின் அளவை இரண்டு மூன்று மடங்கு, சில சமயம் அதற்கு மேலும், கூட்டவேண்டி வருகிறது. கூட்டாவிட்டால் உறுப்பு நிராகரிக்கப்படும். மிகக் கூட்டினால் அம்மருந்தே சிறுநீரகத்துக்கு விஷமாகும். இரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறதென்பதை அடிக்கடி சோதித்தே அளவை நிதானிக்கவேண்டும். சிகிச்சை முடிந்து ரிபாம்பிசினை நிறுத்தும்போது மறுபடியும் அளவைக் குறைத்தாக வேண்டும். ரிபாம்பிசினுக்குப் பதிலாக ரிபாபுடின் என்னும் மருந்தைக் கொடுப்பதும் உண்டு. அதற்கு இக்குணம் குறைவு. சுருங்கச் சொல்லின், உறுப்பைக் காக்கும் மருந்து நோய்க்குக் கதவைத் திறக்கிறது. நோயைத் துரத்தும் மருந்து உறுப்பின் காவலைப் பறிக்கிறது. இரண்டு கத்திகளுக்கு நடுவே நோயாளி நிற்கிறான்.

வக்கீல் தொழிலில் நாம் கற்றுக்கொண்ட முறையொன்று உண்டு: பொது விஷயத்தை ஒரு தனி மனிதன்மேல் ஏற்றிப் பார்ப்பது. மரக்காணத்து அளத்தில் உழைத்துச் சிறுநீரகம் கெட்ட ஒருவனை நினைத்துக்கொள்வோம். அவன் மனைவி தன் சிறுநீரகம் ஒன்றை ஈகிறாள். அறுவை சுகமாய் முடிகிறது. எட்டாம் மாதத்தில் மாலை தோறும் காய்ச்சல் காண்கிறது, பசி குறைகிறது, எடை இறங்குகிறது. இருமல் இல்லை. இவ்வகை நோயாளிகளுக்கு க்ஷயம் நுரையீரலை விட்டு நிணக்கட்டி, குடல், எலும்பு முதலிய இடங்களில் தோன்றுவது சகஜமாகையால், இருமல் இல்லாதது ஆறுதலாகாது. ஆனால் இதை அவனுக்கு யார் சொன்னார்கள்? வெயிற் சூடென்று எண்ணி மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறான். சென்னைக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருபவளின் கூலியும் போகும். நாட்கள் கழிகின்றன. கடைசியில் அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் க்ஷயமென்று கண்டு வழக்கமான மாத்திரைகளைத் தொடங்குகிறார்கள். அவன் உறுப்பு மாற்றிக்கொண்டவனென்பதை அங்குள்ளோர் கேட்காவிட்டால், அல்லது அவன் சொல்லத் தவறினால், சில வாரங்களில் நோய் தணிகிறது, சிறுநீரகமோ நின்றுபோகிறது. மனைவியின் தானம் மண்ணாய்ப் போயிற்று. இதில் குற்றவாளி யார்? அவனா, வைத்தியரா, மனைவியா? ஒருவருமல்லர். உறுப்பு மாற்றும் இலாகா ஒரு கட்டிடத்திலும் க்ஷய நிவாரண இலாகா மற்றொரு கட்டிடத்திலும் இருந்து, ஒன்றோடொன்று பேசாதிருத்தலே குற்றம்.

விதி இல்லையென்று சொல்வதற்கில்லை. 2021-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் வெளியிட்ட க்ஷயத் தடுப்பு விதிகளில், டயாலிசிஸ் செய்துகொள்வோர், உறுப்பு மாற்றத்துக்குத் தயாராவோர், உடம்பின் எதிர்ப்பை அடக்கும் மருந்து உட்கொள்வோர் ஆகிய மூவகையினரையும் சோதித்து, வேண்டியவர்க்கு முன்தடுப்பு மருந்து கொடுக்கவேண்டுமென்று கூறப்பட்டிருக்கிறது. ஆனால் சட்டம் ஏட்டில் இருப்பது வேறு; நீதி கோர்ட்டில் கிடைப்பது வேறு என்பதை வக்கீல்களாகிய நாம் நன்கறிவோம். 1994-ம் வருஷத்து உறுப்பு மாற்றுச் சட்டம், உறுப்பு வியாபாரத்தைத் தடுப்பதற்காக அறுவைக்கு முன்னே கட்டுக்கட்டாய்க் காகிதங்கள் கேட்கிறது. கேட்கட்டும், அது அவசியமே. ஆனால் அறுவைக்குப்பின் வரும் ஆயிரம் நாட்களைப் பற்றியும் அதே கவலை வேண்டாமா?

இங்கு எழக்கூடிய ஆக்ஷேபங்களை மறைக்க நாம் விரும்பவில்லை. முதலாவது, "மூவரில் ஒருவருக்குக் கிருமி உறங்கும் தேசத்தில் சோதனையால் என்ன பயன்?" என்பது. கையில் ஊசிபோட்டுத் தடிப்புப் பார்க்கும் மாண்டூ சோதனை, சிறுநீரகம் கெட்டவர்களிடம் பலவேளை பொய்யாய்ப் போவது உண்மையே. எதிர்ப்புச் சக்தி குன்றியவனுடைய தோல் தடிப்பதற்கே சக்தியற்றிருக்கும். ஆகையால் அச்சோதனை இல்லையென்று சொன்னால் அதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. ஆனால் ஒரு சாட்சி பலவீனனென்பதற்காக வழக்கையே தள்ளிவிடுவதுண்டோ? இரத்தத்தில் செய்யும் சோதனை உண்டு, மார்பின் படமுண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் யாருக்காவது இந்நோய் இருந்ததா, தனக்கே முன்பு வந்ததா என்ற விசாரணை உண்டு. இவற்றை ஒருங்கே வைத்துத் தீர்மானிப்பதே முறை.

இரண்டாவது ஆக்ஷேபம் வைத்தியர்களிடமிருந்து வருவது. முன்தடுப்பாகக் கொடுக்கும் ஐசோனியாசிட் மருந்து சிலருக்கு ஈரலைக் கெடுக்குமென்று அவர்கள் அஞ்சுகிறார்கள். இந்த அச்சத்தை நாம் மதிக்கிறோம். வேலூரிலேயே இம்மருந்தை டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்கும் முன்கூட்டிக் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சி 1994-ம் வருஷத்தில் வெளியாயிற்று. ஈரலைப் பற்றிய கவலை அப்போதே எழுந்தது. ஆகவே எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவேண்டுமென்பது நமது கட்சியன்று. ஈரலின் நிலையைச் சோதித்து, தக்கவர்க்குக் கொடுத்து, கொடுத்தபின் மாதந்தோறும் கவனிக்கவேண்டுமென்பதே நமது கட்சி. கூடியமட்டில் உறுப்பு மாற்றத்துக்கு முன்பே இம்மருந்தைத் தொடங்குவது நலம். காவல் உள்ளபோது திருடனைப் பிடிப்பது எளிதல்லவா? கொடுக்காமல் விடப்பட்டவர்க்கும், ஏன் விடப்பட்டதென்ற காரணம் எழுதப்பட்டிருக்கவேண்டும். காரணமில்லாத மௌனம் தீர்ப்பாகாது.

மூன்றாவது, "இவ்வாறெல்லாம் எழுதினால் ஜனங்கள் பயந்து உறுப்பு கொடுக்கமாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள்" என்பது. இதை நாம் முற்றிலும் மறுக்கிறோம். க்ஷயம் வந்தவர்களிலும் பெரும்பாலோர் உரிய காலத்தில் கண்டுபிடிக்கப்பட்டால் பிழைக்கிறார்கள், உறுப்பையும் காப்பாற்றிக்கொள்கிறார்கள். டயாலிசிஸிலேயே காலங்கழிப்பதைவிட உறுப்பு மாற்றம் மேலானதென்ற உண்மை இதனால் மாறிவிடவில்லை. ஜனங்களைப் பயமுறுத்துவது உண்மையன்று. மறைக்கப்பட்ட உண்மை பின்னர் வெளிவருவதே அவர்களைப் பயமுறுத்தும். உயிரோடிருக்கும்போது தன் உறுப்பை ஈயும் மனைவிக்கும் தாய்க்கும், அது எவ்வாறு காக்கப்படுமென்பதை அறிய முழு உரிமையுண்டு.

இவையெல்லாம் ஏழை நாட்டுக்கு எட்டாத காரியங்களென்று ஒருவர் சொல்லக்கூடும். அவருக்கு நமது சென்னையின் சரித்திரத்தையே பதிலாகச் சொல்வோம். 1928-ம் வருஷத்தில் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் க்ஷய ஆரோக்கிய நிலையத்தை ஏற்படுத்தினார். நல்ல காற்றும் நீண்ட ஓய்வும் சத்துள்ள ஆகாரமுமே அக்காலத்து மருந்து. ஆஸ்பத்திரிப் படுக்கையில்லாமல் க்ஷயத்தைக் குணப்படுத்த முடியாதென்று உலகம் நம்பியிருந்தது. 1956-ம் வருஷத்தில் சென்னையில் தொடங்கிய க்ஷய சிகிச்சை ஆராய்ச்சி நிலையம், நகரத்து ஏழைகளில் ஒரு பாதியை ஆரோக்கிய நிலையத்திலும் மறு பாதியை அவர்களுடைய குடிசையிலேயேயும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தது. குடிசையிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தார்களென்றும், அவர்களுடைய வீட்டாருக்கு அதனால் நோய் அதிகம் பரவவில்லையென்றும் 1959-ம் வருஷத்தில் அது உலகத்துக்கு அறிவித்தது. ஒழுங்காய் மருந்து கொடுத்து, ஒழுங்காய்த் தேடிப்போய்ப் பார்த்ததே அந்த வெற்றியின் ரகசியம். உலகத்துக்கு அந்தப் பாடத்தைக் கற்பித்த தமிழ்நாடு, தன் நோயாளிகளில் ஒரு சிறு கூட்டத்தாரைத் தேடிப்போய்ப் பார்க்க முடியாதென்று சொல்லலாமா? 2021-ம் வருஷம் முதல் வீடு தேடி மருந்து கொண்டுபோகும் திட்டத்தையும், 2022-ம் வருஷம் முதல் க்ஷயத்தால் இறப்போர் தொகையைக் குறைப்பதற்காக மிக மெலிந்தவர்களை முதலிலேயே பிரித்தறியும் திட்டத்தையும் நடத்துகிற மாகாணம் அல்லவா இது?

ஆகவே நாம் கேட்பவை இவை. முதலாவதாக, உறுப்பு மாற்றத்துக்கு முன் ஏற்பவரையும் உயிரோடு ஈபவரையும் க்ஷயத்துக்காகச் சோதித்து, முடிவையும் கொடுத்த மருந்தையும் எழுதிய சீட்டொன்றைத் தமிழில் அவர்கள் கையிலேயே கொடுக்கவேண்டும். இறந்து ஈபவர் விஷயத்தில், கிடைக்கும் சொற்ப நேரத்துக்குள் வீட்டாரிடம் இதைக் குறித்து விசாரித்துக் குறித்துக்கொள்ளவேண்டும். இரண்டாவதாக, உறுப்பு ஏற்றவர் வீடு திரும்பும் நாளிலேயே அவருடைய பெயர் ஜில்லா க்ஷய உத்தியோகஸ்தரிடம் ரகசியமாகப் பதிவாகவேண்டும். காரணம் தெரியாத காய்ச்சல் நீடித்தால், மருந்துக் கடைக்குப் போகாமல் நேரே எங்கே வரவேண்டுமென்பது அவருக்கும் வீட்டாருக்கும் தெரிந்திருக்கவேண்டும். கிருமியின் அணுவைக் கொண்டு சில மணி நேரத்தில் நோயைக் காட்டும் ட்ரூநாட் யந்திரம் நம் தேசத்திலேயே கோவாவில் செய்யப்படுகிறது. அதற்கு அந்நியரை நாடவேண்டியதில்லை.

மூன்றாவதாக, க்ஷயத்துக்கு மருந்து தொடங்கியவருக்கு, இரத்தத்தில் உறுப்புக் காவல் மருந்தின் அளவைப் பார்க்கும் சோதனை இலவசமாகவும் அருகிலும் கிடைக்கவேண்டும். மரக்காணத்தானுக்கு விழுப்புரத்திலோ புதுச்சேரியிலோ அது நடக்குமாயின், ஒவ்வொரு சோதனைக்கும் சென்னைக்கு ஓடவேண்டியதில்லை. புதுச்சேரி வேறு ஆட்சிக்குட்பட்டது, விழுப்புரம் வேறு ஆட்சிக்குட்பட்டது என்ற எல்லைத் தகராறு நோயாளியின் தலையில் விழலாகாது. நான்காவதாக, ஆகாரம். க்ஷயரோகிக்கு மாதந்தோறும் வழங்கும் தொகை 2018-ம் வருஷத்தில் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024-ம் வருஷம் நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்ந்தது. ஜார்க்கண்டில் நடந்து 2023-ம் வருஷத்தில் வெளியான ஆராய்ச்சி, நோயாளியின் வீட்டார்க்கும் சத்துள்ள உணவு கொடுத்தால் அவர்களுக்கு நோய் வருவது நூற்றுக்கு 39 பங்கு குறைகிறதென்று காட்டிற்று. உறுப்பு ஏற்றவர் வாழும் வீட்டுக்கு, நோய் வருமுன்பே அந்த உணவு சேரவேண்டும்.

ஐந்தாவதாக, நோயின் வேருக்கே செல்லவேண்டும். அளம் தோறும் நிழற் கொட்டகையும் குடிநீரும் பெண்களுக்கு மறைவிடமும் அமைப்பது தயவன்று, கடமை. உப்பளத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கொருமுறை இரத்தத்தில் கிரியேட்டினின் சோதனையும் மார்புப் படமும் எடுக்கப்படவேண்டும். மழைக்காலத்தில் அளம் மூடியிருக்கும் மாதங்களே இதற்கு ஏற்ற சமயம். அம்மாதங்களுக்கென்று 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கும் நாளிலேயே இதையும் நடத்திவிடலாம். காசுக்காக ஊரே கூடும் நாள் அது. தனியாய்த் தண்டோராப் போடவேண்டியதில்லை. ஆறாவதாக, உறுப்பு ஏற்றவர்களில் எத்தனை பேருக்கு க்ஷயம் வந்தது, எத்தனை பேர் உறுப்பை இழந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கு, பெயரின்றி, வருஷந்தோறும் வெளியாகவேண்டும். ஈந்தவர்களின் தொகையைப் பறைசாற்றும் சர்க்கார், ஏற்றவர்களின் கதியையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.

இவற்றுள் எதுவும் ஆகாயக் கோட்டையன்று. விதிகள் இருக்கின்றன, மருந்துகள் இருக்கின்றன, யந்திரங்கள் இருக்கின்றன, திறமை மிக்க வைத்தியர்கள் இருக்கிறார்கள். இல்லாதது ஒரு இலாகாவை மற்றொரு இலாகாவோடு பிணைக்கும் கயிறே. அக்கயிற்றைத் திரிக்கவேண்டியவர்கள் மந்திரிகள் மாத்திரமல்லர். க்ஷயத்தை 2025-ம் வருஷத்துக்குள் ஒழித்துவிடுவோமென்று 2018-ம் வருஷத்தில் டில்லியிலிருந்து சொல்லப்பட்டது. அவ்வருஷம் வந்தது, நோய் ஒழியவில்லை. பிரகடனங்களால் நோய்கள் ஒழிவதில்லை. ஊர்தோறும் கேள்வி கேட்பவர்கள் இருந்தாலே ஒழியும்.

ஆகையால் இப்பத்தியைப் படிக்கும் தொண்டர்களுக்கு நமது வேண்டுகோள் இது. அடுத்த முறை உறுப்பு தானக் கூட்டத்தில் பிரசங்கம் செய்யும்போது, கொடுப்பவரின் பெருமையோடு வாங்குபவரின் காவலையும் சேர்த்துப் பேசுங்கள். உங்கள் ஊரில் உறுப்பு மாற்றிக்கொண்டவர் இருந்தால், அவருக்கு மாலைக் காய்ச்சல் கண்டால் எங்கே போகவேண்டுமென்பது அவருக்குத் தெரியுமாவென்று கேளுங்கள். உப்பளச் சங்கத்தார் கூலிக்காகப் பேசும் மேஜையில் நிழலுக்காகவும் நீருக்காகவும் இரத்த சோதனைக்காகவும் பேசுங்கள். சட்டசபை அங்கத்தினரிடம் மேற்சொன்ன ஆறு காரியங்களில் எவை விழுப்புரம் ஜில்லாவில் நடக்கின்றனவென்று எழுத்துமூலம் கேளுங்கள். பதிலை நமக்கு அனுப்பினால் இப்பத்தியிலேயே பிரசுரிப்போம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் நாட்டுப் பழமொழி. நம் ஒவ்வொருவர் இலையிலும் உப்பிட்டவன் மரக்காணத்துப் பாத்தியில் வெயிலில் நிற்கிறான். அவனுடைய சிறுநீரகம் கெடாமற் காப்பது முதற் கடன். கெட்டுப்போய் மற்றொருவர் அன்பினால் இன்னொன்று பெற்றானாயின், அதை க்ஷயத்துக்கு இரையாக்காமற் காப்பது இரண்டாவது கடன். இவ்விரண்டையும் தீர்க்காமல் தானத்தின் பெருமையை மாத்திரம் பேசிக்கொண்டிருப்பது நமக்கு அழகன்று.